ஏலக்காய் விலைப் படத்துக்கு எந்த கிராபிக்ஸ் லைப்ரரி?

குமுளிக்குப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிறு ஏலத்தோட்டக்காரர்களுக்காக ஒரு வலைப்பக்கம் செய்கிறாராம். அதில் மூன்று படங்கள் வேண்டும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் இருக்கும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏல மையங்களில் கிடைக்கும் விலை, பல வருடங்களுக்கு ஒரே கோட்டுப் படமாக. தோட்டத்து பிளான், எந்த பிளாக்கைத் தொட்டாலும் அதன் விவரம் வருகிற மாதிரி. வாரம் ஒருமுறை அச்செடுத்து ஒட்டுவதற்கு ஒரு தாள். எழுத்து தமிழிலும் மலையாளத்திலும். பார்க்கிறவர்களிடம் புது ஆண்ட்ராய்டும் இருக்கிறது, பழைய ஐபோனும் இருக்கிறது, தோட்ட ஆபீஸில் விண்டோஸ் 7 கம்ப்யூட்டரும் இருக்கிறது. "எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி ஓடுகிற லைப்ரரி எது அண்ணா? டி3, சார்ட்.ஜேஎஸ், ஈசார்ட்ஸ், கொன்வா, பிக்ஸி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்" என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளானுக்கு லைப்ரரியே (யாரோ எழுதிவைத்த வரையும் நிரல் தொகுப்பே) வேண்டாம், கையால் எழுதிய எஸ்விஜி (வடிவங்களை எழுத்தாலேயே சொல்லி வரைய வைக்கும் வலைமொழி) போதும். விலைக் கோட்டுக்கு டி3 முழுவதும் தேவையில்லை. அதில் அளவுகோலுக்கும் கோட்டுக்கும் உரிய துண்டுகளை மட்டும் எடுத்து, அதையும் எஸ்விஜியாகவே வரையுங்கள். அவ்வளவு நேரம் இல்லையென்றால் ஈசார்ட்ஸ் எடுங்கள், ஆனால் அதன் எஸ்விஜி முறையில் ஓட்டுங்கள். கொன்வாவும் பிக்ஸியும் நல்ல லைப்ரரிகள்தான், உங்கள் வேலைக்கு அவை பொருந்தாது. இப்படி முடிவெடுக்க முக்கியக் காரணம் வேகமோ அழகோ இல்லை. உங்கள் படத்தில் தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் வருகின்றன, அதுதான்.

அதற்கு முன்னால், "எல்லா பிரவுசரிலும்" என்ற கவலை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் இன்னும் அந்தக் கவலையை வைத்தே லைப்ரரி சிபாரிசு செய்கின்றன. எஸ்விஜி 2001-லேயே உலக வலைக் கூட்டமைப்பின் அதிகாரபூர்வப் பரிந்துரையாகிவிட்டது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதைத் தொட்டது 2011-ல், ஒன்பதாவது பதிப்பில்தான். நடுவில் பத்து வருடம் அது விஎம்எல் என்ற தன்னுடைய சொந்த வரைமொழியை வைத்துக்கொண்டிருந்தது. கேன்வாஸை, அதாவது பக்கத்தில் புள்ளி புள்ளியாக வரையும் இன்னொரு வழியை, ஆப்பிள் 2004-ல் கொண்டுவந்தது. அடுத்த வருடம் ஃபயர்ஃபாக்ஸில் வந்தது. எக்ஸ்புளோரரில் அதற்கும் 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் 2008-ல் ரஃபேல் மாதிரியான லைப்ரரிகள் வந்தன. நீங்கள் ஒரு வட்டம் வரையச் சொன்னால் நல்ல பிரவுசரில் எஸ்விஜியாகவும் எக்ஸ்புளோரரில் விஎம்எல்லாகவும் வரையும். அன்றைக்கு அது பெரிய உதவி. இன்றைக்கு அந்தப் பாலத்துக்குக் கீழே ஆறே இல்லை. எக்ஸ்புளோரர் 11-க்கான ஆதரவு 2022 ஜூனில் நின்றது. பிரவுசருக்குள் பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின்களில் மிச்சமிருப்பவை மூன்றே: குரோம் வகையறாவின் பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட். கோடு, வட்டம், பாதை, நிறம் என்ற அளவில் மூன்றும் ஒரே மாதிரிதான் வரைகின்றன. ஆகவே, ரஃபேலை இன்று புதிதாக எடுக்காதீர்கள். அதை எழுதியவரே 2013-ல் பழைய எக்ஸ்புளோரரைக் கைவிட்டு ஸ்னாப் என்று புதிதாக எழுதிவிட்டார்.

இனி எழுத்து விஷயம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

"போடிநாயக்கனூர்" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் "போ" என்பது ப, அதன் பின் ஓகாரக் குறி என இரண்டு குறியீடு. திரையில் வரும்போது அந்தக் குறி உடைந்து பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் போய் உட்கார வேண்டும். "னூ" என்பதில் குறியும் எழுத்தும் ஒன்றாக உருகி வேறு வடிவம் எடுக்க வேண்டும். மலையாளத்தில் கூட்டெழுத்துகள் இதைவிட அதிகம். போதாக்குறைக்குப் பழைய லிபி, புதிய லிபி என்று ஃபான்ட்டைப் பொறுத்து வடிவமே மாறும். இந்த வேலையைப் பிரவுசருக்குள் இருக்கும் எழுத்து எஞ்சின் செய்கிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஹார்ஃப்பஸ், சஃபாரியில் ஆப்பிளின் கோர் டெக்ஸ்ட். எஸ்விஜியில் ஒரு சொல்லை எழுதினால் அது நேராக இந்த எஞ்சினுக்குப் போய்விடுகிறது. முழுச் சொல்லாகக் கொடுத்தால் கேன்வாஸும் சரியாகவே எழுதும்.

சிக்கல் நடுவில் நிற்கும் லைப்ரரியால் வருகிறது. லேபிளை மடக்குவதற்காகவோ, எழுத்துகளுக்கு இடையில் இடைவெளி கூட்டவோ, வளைந்த பாதையில் எழுதவோ சொல்லைக் குறியீடு குறியீடாக வெட்டி, ஒவ்வொன்றாக அளந்து வரையும் லைப்ரரிகள் உண்டு. ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் ப தனியாக நிற்கும், ஓகாரக் குறி புள்ளி வட்டத்தோடு தனியாகத் தொங்கும். கிராபிக்ஸ் சிப்பை வைத்து வரையும் வெப்ஜிஎல் பக்கம் போனால் இன்னும் மோசம். பிக்ஸியில் பிட்மேப் எழுத்து, த்ரீ.ஜேஎஸ்ஸில் முப்பரிமாண எழுத்து இரண்டுமே ஒரு குறியீட்டுக்கு ஒரு படம் என்ற கணக்கில் ஓடுகின்றன. சேர்த்து உருக்கும் வேலை அங்கே கிடையாது. எந்த லைப்ரரியை யார் சிபாரிசு செய்தாலும், அதன் செய்முறைப் பக்கத்தில் ஆங்கில லேபிளை அழித்துவிட்டு "போடிநாயக்கனூர்", "கௌரி", "ஸ்ரீ" என்று போட்டுப் பாருங்கள். லேபிளை மடக்கவும் சாய்க்கவும் செய்து பாருங்கள். அதில் தோற்றால் மற்ற வசதிகளைப் பார்க்கவே வேண்டாம். நீங்களே சொல்லை வெட்ட வேண்டிய நிலை வந்தால் Intl.Segmenter என்ற, பிரவுசரோடு வரும் வசதியைப் பயன்படுத்துங்கள். "போ"வை ஓர் எழுத்தாகவே எண்ணும். ஃபயர்ஃபாக்ஸில் அது வந்தது 2024-ல்தான் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

எஸ்விஜியில் இன்னொரு லாபம், எழுத்து எழுத்தாகவே இருக்கும். விலையைத் தேடலாம், நகலெடுக்கலாம், பார்வையற்றவரின் போன் அதை வாசித்துக் காட்டும். கேன்வாஸில் வரைந்ததும் அது வெறும் புள்ளிக் கூட்டம். அதே வசதிகளைக் கொடுக்க நீங்கள் பக்கத்திலேயே ஒரு அட்டவணை வைக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் எது தமிழ், எது மலையாளம் என்று மொழிக் குறி போடுங்கள். வாசித்துக் காட்டும் குரலும் ஃபான்ட்டும் அதை வைத்துத்தான் மாறும்.

"புள்ளிகள் அதிகமானால் எஸ்விஜி மெதுவாகும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மெதுவாக்குவது புள்ளிகளின் எண்ணிக்கை இல்லை, உறுப்புகளின் எண்ணிக்கை. பத்து வருட ஏல விலை என்றால் சில ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி வட்டம் வரைந்தால் சில ஆயிரம் உறுப்புகள். சாதாரண ஆண்ட்ராய்டு திணறும். அதையே ஒரே பாதையாக எழுதினால் உறுப்பு ஒன்றுதான். எந்தப் போனும் அலட்டிக்கொள்ளாது. விரல் வைத்த இடத்துக்கு மட்டும் ஒரே ஒரு வட்டத்தைக் காட்டி, விரலோடு நகர்த்துங்கள். டி3-யின் பைசெக்ட், விரலுக்கு அருகில் இருக்கும் நாளைத் தேடிக் கொடுக்கும்.

எந்த லைப்ரரியும் உங்களுக்காக எடுக்க முடியாத முடிவு ஒன்று உண்டு. 2019 ஆகஸ்ட்டில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அதை உள்ளே வைத்து நேர் அளவுகோலில் வரைந்தால் மற்ற வருடங்கள் எல்லாம் அடியில் அமுங்கிப்போகும். தோட்டக்காரருக்கு இந்த மாதம் நூறு ரூபாய் ஏறியதா இறங்கியதா என்று தெரியாது. என் கருத்து: சராசரி விலையை மட்டும் கோடாகப் போடுங்கள், அதிகபட்சத்தை வெளிறிய நிறத்தில் பின்னால் வையுங்கள். பக்கம் திறந்ததும் கடைசி ஒரு வருடம் மட்டும் தெரியட்டும், பழையதைக் கேட்டால் காட்டுங்கள். நீண்ட காலத்தைப் பார்க்கும்போது மடக்கை அளவுகோலுக்கு (விலை ஒரே மடங்கு ஏறினால் ஒரே உயரம் ஏறும் அளவுகோல்) மாற்றும் வசதி கொடுங்கள். டி3-யில் அளவுகோல் தனித் துண்டாக இருப்பதால் அதற்கு ஒரு சொல்லை மாற்றினால் போதும். டி3-யை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அது "சார்ட்" கொடுப்பதில்லை, சார்ட் செய்யத் தேவையான கணக்கைக் கொடுக்கிறது. வரத்து எத்தனை கிலோ என்பதைக் கீழே பட்டைகளாகப் போட வேண்டுமானால் இன்னொரு அளவுகோலை வைத்துக்கொள்ளலாம். லைப்ரரியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. எண்ணுக்கு லட்சக் கணக்கில் காற்புள்ளி வேண்டுமானால் டி3-க்கு அதைச் சொல்லிக் கொடுக்கலாம், அல்லது பிரவுசரிடமே இந்திய முறை கேட்கலாம். மாதப் பெயர்களையும் பிரவுசரே தமிழிலும் மலையாளத்திலும் தரும்.

இன்றைக்குப் பிரவுசருக்குப் பிரவுசர் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்றால், வரைவதில் இல்லை, ஜாவாஸ்கிரிப்ட்டில் இருக்கிறது. உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் குரோம் இருந்தால் அது 109-ஐத் தாண்டாது. விண்டோஸ் 7-க்கு அதுதான் கடைசி. டூசார்ட்டெட் என்ற வரிசைப்படுத்தும் வசதி குரோமில் வந்தது 110-ல். ஒரு லைப்ரரியோ நீங்களோ அதை ஒரே ஒரு இடத்தில் அழைத்தால் போதும், படம் வராது, வெள்ளைப் பெட்டி மட்டும் தெரியும். ஐபோன் 6 வைத்திருப்பவரிடம் ஐஓஎஸ் 12-தான் இருக்கும். அதில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதும் புது வாக்கியமுறை புரியாது, பெட்டியின் அளவு மாறுவதைக் கவனிக்கும் ரீசைஸ் அப்சர்வர் இல்லை, தொடுதலையும் மவுஸையும் ஒன்றாகப் பார்க்கும் பாயின்டர் நிகழ்வுகளும் இல்லை. கட்டும் கருவியில் (உங்கள் நிரலைப் பிரவுசருக்கு ஏற்ற கோப்பாக மாற்றும் மென்பொருள்) இலக்கை ஐஓஎஸ் 12 என்று வைத்தால் வாக்கியமுறையைப் பழையதாக மாற்றித் தரும். ஆனால் இல்லாத வசதியை அது உண்டாக்கித் தராது. அதற்குத் தனியாகப் பாலிஃபில் (இல்லாத வசதியை நிரப்பும் குட்டி நிரல்) சேர்க்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எந்த பிரவுசர் பதிப்பு வரை உறுதி சொல்கிறது என்று அதன் ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதியும் இப்படித்தான். ஏல அறிக்கையில் நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் 12-08-2024 என்று இருந்தால், அதை அப்படியே பிரவுசரிடம் கொடுக்காதீர்கள். குரோம் அதை டிசம்பர் 8 என்று எடுத்துக்கொள்ளும். சஃபாரியின் பதிப்புகள் சில அதைத் தேதியே இல்லை என்று ஒதுக்கிவிடும். ஒன்றில் விலைக்கோடு தப்பான மாதத்துக்குத் தாவும், இன்னொன்றில் கோடே வராது. எண்களை நீங்களே பிரித்து எடுத்து, வருடம், மாதம், நாள் என்று கொடுங்கள்.

தொடுதல் பற்றி ஒரு சொல். விலைப் படத்தின் மேல் விரலை வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் நாள் மாற வேண்டும், மேலும் கீழும் இழுத்தால் பக்கம் நகர வேண்டும். டச் ஆக்‌ஷன் என்ற சிஎஸ்எஸ் குணத்தில் செங்குத்து நகர்வை மட்டும் பிரவுசருக்கு விட்டுக்கொடுத்தால் புது பிரவுசர்களில் இது சரியாகும். இதைச் செய்யாவிட்டால் படத்தில் விரல் மாட்டிக்கொண்டு பக்கமே நகராது. ஆட்கள் கடுப்பாகி மூடிவிடுவார்கள். சஃபாரியில் இன்னும் ஒன்று. எஸ்விஜிக்குள் சாதாரண எச்டிஎம்எல் பத்தியைச் செருகும் ஃபாரின் ஆப்ஜெக்ட் உறுப்பு அங்கே இடம் தவறி நிற்பதும், படமாக மாற்றும்போது மறுப்பதும் உண்டு. லேபிளை அதில் வைக்கும் லைப்ரரிகளைத் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்து ஃபான்ட். வலை ஃபான்ட் வந்து சேர்வதற்குள் நீங்கள் லேபிளின் அகலத்தை அளந்தால், போனில் இருக்கும் வேறு ஃபான்ட்டின் அகலம்தான் கிடைக்கும். பிறகு சரியான ஃபான்ட் வந்ததும் லேபிள் பக்கத்து லேபிளின் மேல் ஏறும். ஃபான்ட்கள் தயார் என்று பிரவுசர் சொல்லும்வரை காத்திருந்து அளங்கள். கேன்வாஸில் இது இன்னும் பாடு, ஏனென்றால் அது தானாகத் திரும்ப வரையாது. ஃபான்ட் கோப்பைச் சிறிதாக்கும்போது தமிழ், மலையாளக் குறியீட்டு எல்லைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டலாம். ஆனால் எழுத்தைச் சேர்த்து உருக்கும் விதிகளையும் சேர்த்து வெட்டிவிடாதீர்கள். கோப்பு இன்னும் சின்னதாக ஆகும், "னூ" உடைந்து வரும்.

கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஈசார்ட்ஸை முழுதாக ஏற்றினால் சுருக்கிய பிறகும் கோப்பு ஏறக்குறைய 1 எம்பி. டி3 முழுதும் அதில் நாலில் ஒரு பங்கு. தேவையான துண்டுகள் மட்டும் என்றால் அதிலும் கொஞ்சம். அதைவிட நல்ல வழி, விலைப் படத்தை சர்வரிலேயே எஸ்விஜியாக எழுதி, பக்கத்தோடு சேர்த்து அனுப்பிவிடுவது. ஏல விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை, ஒருமுறை எழுதினால் அடுத்த ஏலம் வரை போதும். பக்கம் வந்ததுமே படம் தெரியும், ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்ததும் தொடுதல் வேலை செய்யும், வராமலே போனாலும் விலை கண்ணில் பட்டுவிடும். டி3 துண்டுகள் சர்வரிலும் ஓடும், ஈசார்ட்ஸும் 5.3 பதிப்பிலிருந்து சர்வரில் எஸ்விஜி எழுதித் தருகிறது. உங்கள் ஊர் நிலைமைக்கு எல்லாவற்றையும் விட முக்கியமான வசதி இதுதான் என்று நினைக்கிறேன்.

பிளானுக்கு வருவோம். பேப்பரில் இருக்கும் பிளானை ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் பின்னால் வைத்து, ஒவ்வொரு பிளாக்கின் எல்லையையும் மேலே ஒரு பாதையாக வரையுங்கள். ஒவ்வொரு பாதைக்கும் பிளாக் எண்ணை அடையாளமாகக் கொடுங்கள். தானாகக் கோடு பிடிக்கும் வசதியை நம்ப வேண்டாம், பேப்பர் மடிப்பையும் எல்லை என்று எடுத்துக்கொள்ளும். எஸ்விஜியின் எல்லையைச் சொல்லும் வியூபாக்ஸ் குணத்தை வைத்தால் எந்தத் திரைக்கும் தானாகப் பொருந்தும். பெரிதாக்கும்போது எல்லைக்கோடும் தடிக்காமல் இருக்க, கோட்டின் தடிமனை மாறாமல் வைக்கும் குணம் எஸ்விஜியிலேயே இருக்கிறது. செடியின் வயதை நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கோடு, புள்ளி என்று நிரப்பும் வடிவத்தையும் மாற்றுங்கள். பிறகு ஒருநாள் ஜிபிஎஸ் வைத்து அளந்து நிஜ வரைபடத்தின் மேல் காட்ட வேண்டும் என்றால் லீஃப்லெட் என்ற வரைபட லைப்ரரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிசிப் முறையில் சுருக்கி அனுப்பினால் 42 கேபி அளவுதான், அதுவும் எல்லைகளை எஸ்விஜியாகத்தான் வரைகிறது, இப்போது செய்த வேலை வீணாகாது.

அச்சுத் தாளுக்குப் பிரவுசரின் அச்சு வசதியையே பயன்படுத்துங்கள். எஸ்விஜி எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது, எழுத்தும் சரியாக வரும். ஜேஎஸ்பிடிஎஃப் வைத்து பிடிஎஃப் செய்யலாம் என்று சொல்வார்கள். தமிழுக்கும் மலையாளத்துக்கும் அது எழுத்தைச் சேர்த்து உருக்குவதில்லை. தாள் முழுக்க உடைந்த எழுத்துதான் வரும்.

கேன்வாஸ் எப்போது சரி? நாளைக்கு யாராவது காய் உலர்த்தும் ஸ்டோரில் வெப்பமானி மாட்டி, நொடிக்கு நொடி அளவு அனுப்பினால் அப்போது யூபிளாட் எடுங்கள். கேன்வாஸில் வரைவது, ஏறக்குறைய 50 கேபி, இந்த மாதிரி ஓயாமல் ஓடும் அளவுகளுக்கென்றே செய்தது. கேன்வாஸ் எடுத்தால் திரையின் புள்ளி அடர்த்தியால் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நல்ல போனில் மங்கலாகத் தெரியும். அதே சமயம் பழைய ஐபோனில் ஒரு கேன்வாஸின் பரப்பு 4096-ஐ 4096-ஆல் பெருக்கிய அளவைத் தாண்டினால் ஒன்றுமே வராது. வெப்ஜிஎல், வெப்ஜிபியு எல்லாம் மலையின் முப்பரிமாணப் படம் காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

சார்ட்.ஜேஎஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பழகச் சுலபம், எம்ஐடி உரிமம், நல்ல ஆவணம். ஆனால் கேன்வாஸ் மட்டும்தான், அதனால் மேலே சொன்ன எழுத்து லாபங்கள் கிடைக்காது. ஹைசார்ட்ஸ் எஸ்விஜியில் அருமையாக வரையும். நார்வேயில் விக் என்ற சிற்றூரிலிருந்து வருகிற கம்பெனி அது, மலைக்காட்டில் உட்கார்ந்துகொண்டே உலகத்துக்கு மென்பொருள் விற்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம். வணிகப் பயன்பாட்டுக்குக் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். தோட்டக்காரர்கள் சந்தா கட்டும் பக்கமாக உங்கள் பக்கம் மாறினால் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள். டி3, ஈசார்ட்ஸ், லீஃப்லெட் மூன்றுக்கும் அந்தக் கவலை இல்லை; உரிமக் குறிப்பை அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

வேலையை பிளானிலிருந்து ஆரம்பியுங்கள், தம்பி. லைப்ரரி இல்லாமல் ஒரு எஸ்விஜியை முழுதாகக் கையாண்டுவிட்டால் டி3 பாதி புரிந்த மாதிரி. ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் ஒரு பழைய ஐபோனிலும் பிரவுசர் பதிப்பு எண்ணைக் குறித்து அனுப்புங்கள், பிளானின் ஸ்கேனையும் சேர்த்து. கட்டும் கருவிக்கு எந்த இலக்கு, எந்தெந்த பாலிஃபில் என்று அதை வைத்து எழுதித் தருகிறேன்.